வீட்டில் குடும்ப ஜெபத்துக்கான இடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கத்தோலிக்க, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன், பெந்தெகொஸ்தே குடும்பங்கள் ஜெப இடம் அமைக்கும்போது கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. சபைக்குச் சபை வழக்கம் மாறும் இடங்களில் அதைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

இதற்கென்று தனி அறை வேண்டுமா?

வேண்டாம். தனி அறை இருக்கும் பல வீடுகளில் அது மெல்ல மெல்லச் சாமான் அறையாகிவிடுகிறது. இஸ்திரி போடாத துணி, பழைய பெட்டி, பண்டிகைக்கு வாங்கிய நட்சத்திரம் எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். எல்லோரும் தினமும் நடமாடும் கூடத்தில் ஒரு மூலை கிடைத்தாலே போதும். மத்தேயு 6:6 சொல்லும் கதவடைத்த அறை தனிஜெபத்துக்கானது. குடும்பமாகக் கூடும் ஜெபத்துக்கு வீட்டின் நடுவிடம்தான் பொருந்தும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். "ஜெபத்துக்கு வாங்க" என்று குரல் கொடுத்த ஒரு நிமிடத்துக்குள் எல்லோரும் உட்கார்ந்து, வேதாகமத்தைத் திறந்து, விளக்கையும் ஏற்றிவிட முடியவேண்டும். தீப்பெட்டி தேடுவது, பாட்டுப் புத்தகம் தேடுவது, சோபாவை நகர்த்துவது என்று ஐந்து நிமிடம் போனால், பிள்ளைகள் திரும்பப் போனை எடுத்துவிடுவார்கள். குடும்ப ஜெபம் நின்றுபோன வீடுகளில் பக்தி குறைந்ததைவிட இந்தச் சின்னத் தடங்கல்கள்தான் பெரும்பாலும் காரணம்.

கூடத்தில் டிவி இருக்கிறதே?

டிவி இருக்கும் சுவரிலேயே பீடத்தை, அதாவது வேதாகமமும் சிலுவையும் வைக்கும் பலகையை, வைக்காதீர்கள். எல்லோருடைய கண்ணும் பழக்கத்தால் திரைக்குத்தான் போகும். எதிர்ச்சுவர் அல்லது பக்கச்சுவர் நல்லது. அப்போது ஜெப நேரத்தில் எல்லோரும் டிவிக்கு முதுகையோ தோளையோ காட்டி உட்காருவார்கள். கழிவறையோடு பொதுவாக இருக்கும் சுவரையும் தவிர்க்கவும். அதில் ஈரம் இறங்கிப் படமும் புத்தகமும் கெட்டுவிடும்.

எந்தத் திசை பார்த்து இருக்கவேண்டும்? வாஸ்து பார்க்கலாமா?

வீட்டு ஜெபத்துக்குத் திசை விதி எதுவும் கத்தோலிக்கரிடமும் இல்லை, சீர்திருத்தச் சபைகளிடமும் இல்லை. கிழக்கு நோக்கி நின்று ஜெபிப்பது ஆதித் திருச்சபையின் பழைய வழக்கம். கேரளத்தின் சிரியன் கிறிஸ்தவர்கள் அதை இன்னும் காக்கிறார்கள். உங்கள் வீட்டில் கிழக்குச் சுவர் வாகாக இருந்தால் அங்கே வைக்கலாம். இல்லையென்றால் குறை ஒன்றுமில்லை. திசை சரியில்லாவிட்டால் கெடுதல் வரும் என்ற பயத்தைப் பீடத்தருகில் கொண்டுவராதீர்கள்.

எவ்வளவு இடம் வேண்டும்? உயரம் எவ்வளவு?

முதலில் ஆட்கள் உட்கார இடம், அதன்பிறகுதான் பீடம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெரிய பீடம் வாங்கி வைத்துவிட்டு, அதன் முன்னால் இரண்டு பேர்கூட முழங்காலிட முடியாமல் தவிக்கிறார்கள்.

சம்மணமிட்டு உட்கார ஒருவருக்கு இரண்டடி அகலமும் இரண்டரை அடி ஆழமும் தேவை. ஆறடிக்கு நான்கடிப் பாயில் நான்கு பேர் நெருக்கமில்லாமல் உட்காரலாம். பீடத்துக்கும் முதல் ஆளின் முழங்காலுக்கும் நடுவில் ஒன்றரை அடி விட்டால்தான், குனிந்து ஜெபிக்கும்போது தலைமுடி மெழுகுதிரிக்கு அருகில் போகாது.

பீடப் பலகைக்கு இரண்டடி அகலமும் பத்து அங்குல ஆழமும் தாராளம். உயரத்தை நீங்கள் எப்படி ஜெபிக்கிறீர்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். தரையில் உட்கார்ந்தால் பெரியவர்களின் கண்மட்டம் ஏறக்குறைய இரண்டரை அடி. நாற்காலியில் நான்கடிக்குச் சற்றுக் குறைவு. சிலுவையோ படமோ அந்தக் கண்மட்டத்திலிருந்து ஒரு அடி வரை மேலே இருக்கலாம். கதவு நிலைக்கு மேல் ஏழடி உயரத்தில் மாட்டிய படத்தைப் பார்த்துத் தரையில் இருப்பவர்கள் இருபது நிமிடம் ஜெபமாலை சொன்னால் கழுத்துவலிதான் மிஞ்சும். வாசலில் நுழைவோர் பார்க்க அது அங்கேயே இருக்கட்டும், ஜெப இடத்துக்கு இன்னொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுவரில் பலகை அடித்தால் கொஞ்ச நாளில் தொங்கிவிடுகிறது. ஏன்?

திருகாணி பூச்சில் மட்டும் நிற்கிறது, செங்கல்லுக்குள் போகவில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். சிமெண்டுப் பூச்சே அரை அங்குலத்துக்கு மேல் இருக்கும். எட்டு மில்லிமீட்டர் துளையிட்டு, பிளாஸ்டிக் கட்டையை முழுவதும் உள்ளே தட்டி, இரண்டு அங்குலத் திருகாணி போடுங்கள். துளையிடும்போது சிவப்புத் தூள் வந்தால் செங்கல்லில் இருக்கிறீர்கள். கடைசிவரை சாம்பல் தூளாகவே வந்து, ட்ரில் எளிதாக இறங்கினால் கல் இணைப்பில் விழுந்திருக்கலாம். ஓரிரு அங்குலம் தள்ளித் துளையிடவும். ஹாலோ பிளாக் சுவரில் சாதாரணக் கட்டை பிடிக்காது, அதற்கென்று விரியும் வகை கேட்டு வாங்கவேண்டும். சுரூபத்தை, அதாவது சிலையை, தராசில் வைத்து எடை பார்த்துவிட்டு, அதைப்போல மூன்று மடங்கு தாங்கும் தாங்கிகளை வாங்குங்கள். பண்டிகை நாளில் தொட்டிப் பூவும் விளக்கும் அதே பலகையில் ஏறும்.

வாடகை வீட்டில் ஆணி அடிக்க விடவில்லையென்றால் ஒட்டுக் கொக்கிகளை நம்பி எடையுள்ள படத்தை மாட்டாதீர்கள். சுண்ணாம்பு, டிஸ்டெம்பர் அடித்த சுவரில் கொக்கி பூச்சோடு சேர்ந்து உரிந்து விழும். ஒரு மர முக்காலியோ, முழங்கால் உயர அலமாரியோ போதும். வீடு மாறும்போது பீடமும் கூடவே வரும்.

பீடத்தில் என்னென்ன இருக்கவேண்டும்?

எல்லாச் சபையாருக்கும் பொதுவானவை: தினமும் வாசிக்கும் வேதாகமம், ஆளுக்கொரு பாட்டுப் புத்தகம், ஜெபக் குறிப்பு எழுத ஒரு நோட்டும் பேனாவும், அவற்றை வைக்கக் கீழே ஒரு தட்டு.

கத்தோலிக்க வீட்டில் பாடுபட்ட சுரூபம் (இயேசுவின் உருவம் உள்ள சிலுவை), திரு இருதய ஆண்டவர் படம் (இயேசுவின் இருதயத்தைக் காட்டும் படம்), மாதாவின் படமோ சுரூபமோ, ஜெபமாலைகள், தீர்த்தம் (மந்திரித்த தண்ணீர்), இரண்டு மெழுகுதிரி. ஜெபமாலைகளைக் குவித்து வைத்தால் சிக்கிக்கொள்ளும், தனித்தனிக் கொக்கியில் தொங்கவிடுங்கள். குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த, அதாவது குரு ஆசீர்வதித்த, ஓலையைச் சிலுவைக்குப் பின்னால் செருகி வைத்து, அடுத்த சாம்பல் புதனுக்கு முன் கோயிலில் சேர்த்துவிடுவார்கள். அதை எரித்துத்தான் அன்று நெற்றியில் பூசும் சாம்பலை எடுக்கிறார்கள்.

சி.எஸ்.ஐ., லுத்தரன் வீடுகளில் சுரூபம் இராது. வெறுஞ்சிலுவை, வேதாகமம், டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த வசன அட்டை. பெந்தெகொஸ்தே வீடுகளில் சிலுவைகூடப் பெரும்பாலும் இல்லாமல், சுவரில் வசனம் மட்டும் இருக்கும். வசனத்தை ஒன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சுவர் முழுக்க ஒட்டிய வசனங்களைக் கண் சில நாளிலேயே வாசிப்பதை விட்டுவிடும்.

இறந்த பெற்றோரின் மாலையிட்ட படத்தைப் பீடத்தின் நடுவில் வைக்காதீர்கள். பக்கச் சுவரில் வைத்து, அவர்கள் நினைவு நாளில் பெயர் சொல்லி ஜெபியுங்கள்.

திரு இருதய ஆண்டவர் படத்தை ஸ்தாபிப்பது என்றால் என்ன?

குடும்பத்தைத் திரு இருதயத்துக்கு ஒப்புக்கொடுக்கும் சிறு வழிபாடு அது. பெருவில் பிறந்த மத்தேயோ க்ராலி-போவி என்ற குரு 1907-இல் இந்த வழக்கத்தைத் தொடங்கினார். பங்குக் குருவிடம் முன்கூட்டியே நாள் கேளுங்கள். அவர் படத்தை மந்திரிப்பார், குடும்பத்தார் விசுவாச அறிக்கை சொல்லி, ஒப்புக்கொடுக்கும் ஜெபத்தைச் சேர்ந்து சொல்வார்கள். ஆண்டுதோறும் அதே நாளிலோ ஜூன் மாதத் திரு இருதயப் பெருவிழாவிலோ ஒப்புக்கொடுத்தலைப் புதுப்பிக்கலாம். படத்தை மாட்டிவிட்டுப் புதுப்பித்தலை மறந்துவிடுவதுதான் பொதுவாக நடப்பது. ஸ்தாபித்த தேதியைப் படத்தின் பின்புறம் எழுதி வையுங்கள்.

மெழுகுதிரிப் புகையால் சுவர் கறுக்கிறது. என்ன செய்வது?

திரி நீளமாக இருப்பதும் காற்று அடிப்பதும் இரண்டு காரணங்கள். ஏற்றும் முன் திரியைக் கால் அங்குலத்துக்கு வெட்டிவிடுங்கள். மின்விசிறிக்கு நேர்கீழே வைத்தால் சுடர் ஆடி, ஒருபக்கம் உருகி, கரி கக்கும். கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்தால் பெருமளவு அடங்கும். கூண்டின் அடியில் காற்று நுழைய இடைவெளி இருக்கவேண்டும், இல்லையென்றால் அதுவே புகையும்.

சுடருக்கு மேலே மூன்றடிக்கு எதுவும் இருக்கக்கூடாது. அதாவது அடுக்கு அலமாரியின் நடுத்தட்டில் மெழுகுதிரி ஏற்றக்கூடாது. திரைச்சீலை, காகிதப் பூ, சரிகைத் துணி ஒரு அடிக்குள் வரக்கூடாது. மரப்பலகையில் மெழுகைச் சொட்டவிட்டு அதிலேயே திரியை நிறுத்தும் பழக்கம் ஆபத்தானது, கடைசி அங்குலம் எரியும்போது பலகையும் பற்றும். ஒரு எவர்சில்வர் தட்டில் மணல் பரப்பி அதில் நிறுத்துங்கள். அணைக்க ஊதாதீர்கள், மெழுகு தெறிக்கும். சிறு கிண்ணத்தால் மூடினால் அணைந்துவிடும். ஜெபம் முடிந்து எல்லோரும் எழுந்துபோகும் இடத்தில் எரியும் திரியை விட்டுவைக்கவே கூடாது.

இரவும் பகலும் எரிய சீரோ வாட் பல்பு போடலாமா?

பழைய இழை பல்பு, பெயர் சீரோ வாட் என்றாலும் சுமார் 15 வாட் இழுக்கும். விடாமல் எரிந்தால் இரண்டு மாத மின்கணக்கில் 21 யூனிட்டுக்கு மேல். அரை வாட் எல்.இ.டி. என்றால் ஒரு யூனிட்கூட ஆகாது. சீரியல் விளக்கைக் காய்ந்த பூமாலை மேல் சுற்றாதீர்கள்.

குத்துவிளக்கு, சாம்பிராணி எல்லாம் பயன்படுத்தலாமா?

உச்சியில் சிலுவை வைத்த குத்துவிளக்கு தமிழகக் கத்தோலிக்கக் கோயில்களிலும் பல சி.எஸ்.ஐ. ஆலயங்களிலும் வழக்கத்தில் உள்ளது. பெந்தெகொஸ்தே சபைகள் ஏற்பதில்லை. உங்கள் போதகர் ஏற்காத ஒன்றை வைத்து வீட்டுக்குள் சண்டை வளர்க்கவேண்டாம்.

சாம்பிராணி சங்கீதம் 141:2-ஐ நினைவூட்டும் அழகான அடையாளம். ஆனால் கரித்துண்டில் போடும் சாம்பிராணியை மூடிய அறையில், ஏ.சி. ஓடும்போது ஏற்றாதீர்கள். எரியும் கரி கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவை விடும். இரண்டு ஜன்னல் திறந்திருக்கட்டும். ஆஸ்துமாக்காரர் இருக்கும் வீட்டில் விட்டுவிடுங்கள்.

சுரூபத்தை எப்படித் துடைப்பது? உடைந்தால் என்ன செய்வது?

பிளாஸ்டர் சுரூபத்தில் தண்ணீர் படக்கூடாது. ஈரம் உள்ளே இழுத்து, வண்ணம் உப்பி உரியும். காய்ந்த, மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தட்டுங்கள். மல்லிகைச் சரத்தைக் கழுத்தில் நேரடியாகச் சுற்றி நாள்கணக்கில் விட்டால் பூவின் ஈரம் கறையாக இறங்கும், வண்ணம் போவது முதலில் தோள்பட்டையில்தான். பூவைக் காலடியில் ஒரு சிறு செம்பில் வைப்பது நல்லது.

மந்திரித்த பொருள் உடைந்தால் குப்பையில் போடுவதில்லை. சுரூபத்தை யாரும் மிதிக்காத மண்ணில் புதைக்கலாம். படம், ஓலை, பழைய ஜெபப் புத்தகங்களை எரித்துச் சாம்பலை மண்ணில் சேர்க்கலாம். மரத்தடியிலோ ஆற்றங்கரையிலோ விட்டுவிட்டு வருவது மரியாதை அல்ல.

தீர்த்தக் கிண்ணத்தில் புழு வருகிறது!

கொசுப்புழு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இப்படித் தேங்கிய நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். மூடிபோட்ட சிறு குப்பியில் வையுங்கள். கிண்ணம்தான் வேண்டுமென்றால் ஐந்து நாளுக்கொருமுறை பழைய தீர்த்தத்தைச் செடியில் ஊற்றி, கிண்ணத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். கொசு ஒட்டும் முட்டை சும்மா அலசினால் போகாது.

வேதாகமத்தைத் திறந்தே வைக்கலாமா?

பார்க்க அழகுதான். ஆனால் ஒரே பக்கத்தில் மாதக்கணக்கில் திறந்திருந்தால் தைப்பு விட்டுப்போகும், தூசி படியும், வெயில் பட்டுப் பக்கம் பழுக்கும். அலமாரிக்குள் அசையாமல் கிடந்தாலோ வெள்ளிப்பூச்சி வரும். தினமும் எடுத்துப் புரட்டுவதுதான் புத்தகத்துக்கும் பாதுகாப்பு. அலங்காரத்துக்கு ஒன்று, வாசிக்க ஒன்று என்று இரண்டு வைக்காதீர்கள். படங்களுக்குப் பின்னால் கீழ் மூலைகளில் கார்க் துண்டு ஒட்டிச் சுவரிலிருந்து கால் அங்குலம் தள்ளி நிறுத்தினால் மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்காது.

எந்த நேரம்? எவ்வளவு நேரம்? என்ன வரிசை?

இரவுச் சாப்பாட்டுக்கு முன். இதில் எங்களுக்குத் தயக்கமே இல்லை. சாப்பிட்டபின் வைத்தால் சிறுவர் தூங்குவார்கள், அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார். அம்மா அடுப்படியில் நிற்க மற்றவர்கள் ஜெபிப்பது குடும்ப ஜெபமாகாது. குக்கரை இறக்கி அடுப்பை அணைத்துவிட்டு எல்லோரும் வரட்டும். வேலை முறை மாறி மாறி வரும் வீடுகளில் காலை ஐந்து நிமிடம் போதும், நாள் தவறாமல் இருக்கவேண்டும்.

பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருந்தால் மொத்தம் பதினைந்து நிமிடம். ஒரு கீர்த்தனையில் பல்லவியும் இரண்டு சரணமும் நான்கு நிமிடம், வாசிப்பு மூன்று, அமைதி ஒன்று, ஆளுக்கொரு வாக்கியமாக ஜெபம் ஐந்து, கர்த்தருடைய ஜெபமும் ஆசீர்வாதமும் இரண்டு. நீண்டுபோவது எப்போதும் ஒருவருடைய ஜெபத்தால்தான், அது பெரும்பாலும் குடும்பத் தலைவருடையது. பிள்ளையின் மார்க்கைக் கண்டிக்கும் இடமாக ஜெபத்தை மாற்றாதீர்கள். "ஆண்டவரே, இவனுக்கு ஒழுங்கா படிக்கிற புத்தியைக் கொடும்" என்று எல்லோர் முன்னும் கேட்ட பிள்ளை மறுநாள் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளும்.

ஜெபமாலைக்கு 15 முதல் 20 நிமிடம் ஆகும். ஒவ்வொரு நாளும் இயேசு, மாதா வாழ்வின் ஐந்து நிகழ்வுகளை, அதாவது மறையுண்மைகளை, தியானிப்பார்கள். திங்கள், சனி மகிழ்ச்சி மறையுண்மைகள். செவ்வாய், வெள்ளி துயரம். புதன், ஞாயிறு மகிமை. வியாழன் ஒளி, இது 2002-இல் இரண்டாம் ஜான் பால் சேர்த்தது. சிறு குழந்தைகளோடு ஒரு மறையுண்மைக்கான பத்து ஜெபமணிகளை மட்டும் சொல்லித் தொடங்குங்கள். ஐந்தையும் வேகமாக விழுங்குவதைவிட ஒன்றை நிறுத்திச் சொல்வது மேல்.

எதை வாசிப்பது?

திறந்த பக்கத்தை வாசிக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். வம்ச அட்டவணையில் விழுந்து எல்லோரும் விழிப்பீர்கள். மாற்கு 16 அதிகாரம், நாளுக்கு அரை அதிகாரம் என்றால் ஒரு மாதம். டிசம்பர் முதல் தேதி லூக்காவைத் தொடங்கினால் நாளுக்கொரு அதிகாரமாக 24-ஆம் தேதி முடியும். நீதிமொழிகளில் 31 அதிகாரம் இருப்பதால் தேதிக்கு ஒன்று. புதிய ஏற்பாடு 260 அதிகாரம், ஆண்டுக்குள் முடித்துத் தவறிய நாட்களுக்கும் இடம் இருக்கும். ஆண்டுக்குள் வேதாகமம் முழுவதும் என்று தொடங்கும் வீடுகள் லேவியராகமத்தில் நிற்பதே அதிகம்.

போனில் வாசிக்கலாம். ஆனால் வாசிப்பவர் கையிலாவது அச்சுப் புத்தகம் இருக்கட்டும், மற்ற போன்கள் கூடையில் போகட்டும்.

எங்களுக்குப் பாட வராது. சரணத்தில் குரல் உடைகிறது.

சுருதியை உயரத்தில் எடுப்பதால் வரும் சிக்கல். பல கீர்த்தனைகளில் பல்லவி கீழே நடந்து சரணம் மேலே ஏறும். தொடங்குமுன் சரணத்தின் உச்ச வரியை மெதுவாகப் பாடிப் பாருங்கள். அது வசதியாக எட்டும் சுருதியில் பல்லவியைத் தொடங்குங்கள். மாதத்துக்கு இரண்டே புதுப் பாட்டு. கருவி வேண்டாம், தாளத்துக்குக் கைதட்டல் போதும். அடுக்குமாடியில் மைக், ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். பக்கத்து வீட்டுப் பரீட்சைப் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் உட்காரமாட்டேன் என்கிறார்கள்.

வேலை கொடுங்கள். நான்கு வயதுக்குப் பாய் விரிப்பது, பாட்டுப் புத்தகம் கொடுப்பது. ஏழு வயதுக்குப் பாட்டு எண் தேடுவது, ஜெபக் குறிப்பை வாசிப்பது. பத்து வயதுக்கு வேத வாசிப்பு. பதின்ம வயதினரை வாய்விட்டு ஜெபிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், உடன் உட்கார்ந்திருப்பதையே மதியுங்கள். ஜெபக் குறிப்பு நோட்டில் கேட்டது ஒரு பக்கம், கிடைத்தது எதிர்ப்பக்கம் என்று தேதியோடு எழுதவிடுங்கள். அதைப் புரட்டிப் பார்ப்பது பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

கணவர் கத்தோலிக்கர், மனைவி சி.எஸ்.ஐ. எப்படிச் சேர்ந்து ஜெபிப்பது?

சங்கீதம், சுவிசேஷம், விசுவாச அறிக்கை, கர்த்தருடைய ஜெபம் இருவருக்கும் பொது. இவற்றைக் கொண்டே முழுக் குடும்ப ஜெபமும் நடத்தலாம். இடறுவது சின்ன இடங்களில்தான். கர்த்தருடைய ஜெபத்தின் சொற்கள் மாறும். சி.எஸ்.ஐ.யினர் முடிவில் சேர்க்கும் "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" என்ற வரியைக் கத்தோலிக்கர் அந்த இடத்தில் சொல்வதில்லை. எந்த வடிவம் என்று முன்பே பேசி ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள், அல்லது வாரம் ஒன்றாக மாற்றுங்கள். கத்தோலிக்க வேதாகமத்தில் 73 நூல், மற்றதில் 66. பொதுவான நூல்களிலிருந்தே வாசியுங்கள். ஜெபமாலை சொல்பவர் குடும்ப ஜெபம் முடிந்தபின் தனியே சொல்லலாம், மற்றவர் அருகில் அமைதியாக இருக்கலாம். பீடத்தில் எதை வைப்பது என்பதை மாமியார்கள் முடிவு செய்யவேண்டாம்.

படுக்கையில் இருக்கும் பாட்டியால் கூடத்துக்கு வர முடியவில்லை.

ஜெபம் அவர் அறைக்குப் போகட்டும். ஒரு கைப்பெட்டியில் சிறு சிலுவை, வேதாகமம், பாட்டுப் புத்தகம், எல்.இ.டி. மெழுகுதிரி வைத்திருங்கள். ஆக்சிஜன் வைத்திருக்கும் அறையில் நெருப்பு கூடவே கூடாது. பழைய பாட்டுகளைப் பாடுங்கள், பேச்சு மறந்தவர்களும் சிறுவயதுக் கீர்த்தனையில் உதடசைப்பது உண்டு. வாசிக்க முடிந்தவராக இருந்தால் பெரிய எழுத்து வேதாகமமும், தோளுக்குப் பின்னாலிருந்து விழும் விளக்கும் கொடுங்கள். முன்னாலிருந்து அடிக்கும் வெளிச்சம் கண்புரை உள்ளவர்களுக்குக் கூசும்.

பண்டிகைக் காலங்களில் பீடத்தை மாற்றவேண்டுமா?

விரிப்புத் துணி மட்டும் மாற்றினால் போதும். திருவருகைக் காலத்துக்கும் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் அடங்கிய காலம்) தவக்காலத்துக்கும் ஊதா, கிறிஸ்துமஸ், உயிர்ப்புக் காலங்களுக்கு வெள்ளை, பெந்தெகொஸ்தே நாளுக்குச் சிவப்பு, மற்ற நாட்களுக்குப் பச்சை. மூன்றடிக்கு ஒன்றரை அடியில் பருத்தித் துணி நான்கு தைத்து வையுங்கள். ஞாயிறுக்கு ஒன்றாக மெழுகுதிரி ஏற்றும் பச்சை இலை வளையமான திருவருகை மாலைக்கு மூன்று ஊதா, ஒரு ரோஜா நிற மெழுகுதிரி வேண்டும், ரோஜா நிறத்தை மூன்றாம் ஞாயிறு ஏற்றுகிறோம். நான்கையும் ஒரே உயரத்தில் வாங்கினால் கிறிஸ்துமஸ் வருவதற்குள் முதல் திரி மிகக் குட்டையாகி, பச்சை இலைகளுக்குள் சுடர் இறங்கிவிடும். நம் ஊர் வெயிலில் அந்த இலை ஒரு வாரத்தில் சருகாகும் என்பதால் வாராவாரம் மாற்றுங்கள், அல்லது இலையே இல்லாமல் மணல் தட்டில் நான்கையும் நிறுத்துங்கள்.